ஓய்வே ஆயுள்

மாதத்தில் ஒரு நாள் பராமரிப்புப் பணிகளுக்காகக் காலை 9 மணி முதல் மின்விநியோகம் நிறுத்தப்படும் என்ற அறிவிப்பு வந்துவிட்டால், மேல்நிலைத் தொட்டியில் தண்ணீர் ஏற்றிக்கொள்வதும் கிரைண்டரில் மாவு அரைத்து எடுத்து வைப்பதும் எப்படி முன்கூட்டியே முடிந்துவிடுகின்றனவோ, அப்படியே வீட்டிலுள்ள செல்போன்களையும் மடிக்கணினிகளையும் முதல் நாள் இரவே சார்ஜில் போட்டு வைப்பதும் இன்று நம் குடும்பங்களில் ஒரு நியமமாகிவிட்டது. அப்படிப்பட்ட ஒரு நாளில், கல்லூரியில் இறுதியாண்டு படிக்கும் என் தங்கை மகள் தன் மடிக்கணினியை எடுத்து வந்து, எங்கள் வீட்டுக் கூடத்து ஜன்னலோரம் அமர்ந்து, தன் ஆய்வுக் கட்டுரையைத் தட்டச்சு செய்யத் தொடங்கினாள். 9 மணிக்கு மின்சாரம் நின்றது. பத்தரை மணி ஆவதற்குள் திரை இருண்டுவிட்டது. "பத்து வருஷத்துப் பழசு, மாமா. எடைக்குப் போட்டுவிட்டுப் புதிதாக ஒன்று வாங்கிக்கொள்ளலாம் என்கிறாள் அம்மா" என்றாள். புதியது ஒன்றின் விலை தன் வீட்டில் எத்தனை மாதச் சேமிப்பு என்பதை நன்கு அறிந்த பெண்ணின் வருத்தம் அந்தக் குரலில் இருந்தது.

அந்த யந்திரத்தை ஒரு வாரம் என்னிடம் விட்டுச் செல்லும்படி கேட்டுக்கொண்டேன். பார்த்த அளவில் அதற்கு இரண்டு குறைகள் இருந்தன: ஒன்று, பேட்டரிக்கு ஏற்பட்டிருந்த மூப்பு, மற்றொன்று, கேட்பாரற்ற வேலைகளையெல்லாம் புராசசரின் தலையில் சுமத்தி, அதற்கு ஒரு கணமும் ஓய்வு கொடாத இயங்குதளத்தின் ஸ்திதி. முதற்குறையை எந்த மென்பொருளாலும் போக்க முடியாது. அதன் வேகத்தைத் தணிக்க மட்டுமே முடியும். இரண்டாவது குறையோ, ஒரு மாலைப் பொழுதைச் செலவிடச் சித்தமாயிருக்கும் எவராலும், காசு செலவின்றித் தீர்க்கத் தக்கது. அந்த இரண்டாவது விஷயத்தை விஸ்தாரமாகச் சொல்வதே இக்கட்டுரையின் உத்தேசம்.

இந்த விஷயத்தில் ஓர் அபூர்வமான பொருத்தம் உண்டு. மடிக்கணினிக்கு உயிராக விளங்கும் லித்தியம் அயனி மின்கலத்தை ஜப்பானின் சோனி நிறுவனம் முதன்முதலாக விற்பனைக்குக் கொண்டுவந்த ஆண்டு 1991. பின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தில் 21 வயது மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ், தாம் பொழுதுபோக்காக எழுதிவரும் ஓர் இயங்குதளத்தைப் பற்றி உலகுக்கு அறிவித்த ஆண்டும் அதே 1991. மின்கலத்துக்கு வழிகோலிய ஜான் குட்இனஃப், ஸ்டான்லி விட்டிங்ஹாம், அகிரா யோஷினோ ஆகிய மூவருக்கும் 2019-இல் வேதியியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது. அந்த மாணவரின் முயற்சியோ, மூலநிரல் யாவர்க்கும் திறந்து கிடக்க, யாரும் எடுத்து உபயோகிக்கவும் திருத்தவும் பிறருக்கு வழங்கவும் உரிமை பெற்ற லினக்ஸ் என்னும் பொதுச்சொத்தாக வளர்ந்தது; தங்கை மகளுடைய யந்திரத்தின் இரண்டாவது குறைக்கு நான் நாடிய மருந்தும் அதுவே.

மின்சாரக் கணக்கு, குடும்பத்தின் வரவு செலவுக் கணக்கைப் போன்றதுதான். பேட்டரியின் கொள்ளளவை வாட் மணி என்ற அளவால் குறிப்பார்கள். 48 வாட் மணி கொள்ளும் ஒரு பேட்டரியிலிருந்து யந்திரம் இடைவிடாமல் 16 வாட் எடுத்துக்கொண்டால் 3 மணி நேரம் ஓடும். அந்தச் செலவை 8 வாட்டாகக் குறைத்துவிட்டால் 6 மணி நேரம் ஓடும். பேட்டரி மூப்படைந்து பாதிக் கொள்ளளவை இழந்து 24 வாட் மணியில் நிற்குமானால், 16 வாட் செலவில் ஒன்றரை மணி நேரத்தில் அணைந்துவிடும் யந்திரம், 8 வாட் செலவில் புதிதாயிருந்தபோது ஓடிய அதே 3 மணி நேரம் ஓடும். வருமானம் குறைந்த காலத்தில் செலவைப் பாதியாக்கிக்கொண்ட குடும்பம் எப்படி மானத்தோடு வாழ்கிறதோ, அப்படியே இதுவும்.

அந்தச் செலவு எங்கெங்கே ஆகிறது? திரையின் வெளிச்சம் ஒரு பெரும் பங்கை எடுத்துக்கொள்ளும்; சுழலும் ஹார்ட் டிஸ்க், வைஃபை, ப்ளூடூத் முதலியவை தத்தம் பங்கை எடுத்துக்கொள்ளும்; ஆனால் நம் பழக்கத்தாலும் இயங்குதளத்தின் ஏற்பாட்டாலும் மிகுதியாகக் கூடவும் குறையவும் கூடிய செலவு புராசசரின் செலவே. அது வேலை செய்யும்போது ஆகும் மின்செலவு, அதன் துடிப்பின் வேகத்துக்கும் அதற்குக் கொடுக்கப்படும் மின்னழுத்தத்தின் வர்க்கத்துக்கும் ஏற்றபடி ஏறி இறங்குகிறது. மின்னழுத்தத்தை ஐந்தில் ஒரு பங்கு குறைத்தால், அந்த ஒன்றினாலேயே செலவு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிடும். அதனினும் பெரிய லாபம் உறக்கத்தில் இருக்கிறது. தற்காலப் புராசசர், செய்வதற்கு வேலையில்லாத கணத்திலெல்லாம், இலேசான கண்ணயர்வு முதல் தன் உட்பகுதிகளுக்கு மின்சாரத்தையே நிறுத்திவிடும் ஆழ்ந்த துயில் வரையில் பல படிகளில் உறங்க வல்லது. நாம் ஒரு சொல்லைத் தட்டிவிட்டு அடுத்த சொல்லை யோசிக்கும் இடைவெளியில் அது எத்தனையோ தடவை உறங்கி எழுந்துவிடும்.

ஆனால் உறங்க விடவேண்டுமே! லினக்ஸின் கருப்பகுதி, பழைய நாட்களில், நேரத்தைக் கணக்கிட்டுக்கொள்வதற்காக, அமைப்பைப் பொறுத்து விநாடிக்கு 100 முதல் 1000 தடவை புராசசரைத் தட்டி எழுப்பிக்கொண்டிருந்தது. 2007-இல் வெளிவந்த 2.6.21 என்னும் பதிப்பில்தான், வேலையில்லாத வேளையில் இந்த மணியடிப்பை நிறுத்திவைத்து, அடுத்த காரியம் எப்போது வருகிறதோ அப்போது மட்டும் எழுப்பும் முறை புகுத்தப்பட்டது. அவ்வளவில் உறக்கத்துக்கு இடையூறு நீங்கிவிட்டதென்று எண்ணிப் பார்த்தால், கருப்பகுதி தட்டாத கதவை மற்ற மென்பொருள்கள் தட்டிக்கொண்டிருந்தன. அவை யாவை என்று காட்டிக்கொடுப்பதற்காக இன்டெல் நிறுவனத்தார் அதே ஆண்டில் பவர்டாப் என்னும் கருவியை வெளியிட்டார்கள். எந்த நிரல் விநாடிக்கு எத்தனை முறை புராசசரை எழுப்புகிறது என்று பெயர் சொல்லிப் பட்டியலிடும் அந்தக் கருவி வந்த பிறகு, நிரல் எழுதுவோர் பலர் தத்தம் பிழைகளை உணர்ந்து திருத்திக்கொண்டார்கள்.

இலகுவான இயங்குதளம் என்பதன் தாத்பரியம் இப்போது விளங்கும். வண்ணமும் அலங்காரமும் குறைந்திருப்பதால் மட்டும் ஓர் இயங்குதளம் இலகுவாகிவிடாது. நாம் கேளாத வேலைகளைப் பின்புலத்தில் செய்யாதிருப்பதும், உள்ள நினைவகத்துக்குள் ஒடுங்கி நடப்பதுமே அதன் லட்சணம். நினைவகம் போதாமற்போனால் இயங்குதளம் தகவல்களை டிஸ்கில் எழுதுவதும் மீண்டும் எடுப்பதுமாக அல்லற்படும். அந்த அல்லலும் பேட்டரியிலிருந்துதான் செலவாகிறது. ஆகையால் 4 ஜி.பி. ரேம் உள்ள பழைய மடிக்கணினிக்கு, 1996-இல் தொடங்கி இன்றுவரை அடக்கமாக வளர்ந்து வந்திருக்கும் எக்ஸ்.எஃப்.சி.இ. என்னும் டெஸ்க்டாப் மிகப் பொருத்தமானது. லினக்ஸ் மின்ட் என்னும் வழங்கல், அதாவது லினக்ஸைக் கருவாகக் கொண்டு தொகுத்த இயங்குதளம், இந்த டெஸ்க்டாப்போடு ஒரு பதிப்பை வெளியிடுகிறது. அதற்குக் குறைந்தபட்சம் 2 ஜி.பி. ரேமும், டிஸ்கில் 20 ஜி.பி. இடமும் இருந்தால் போதும். எல்.எக்ஸ்.க்யூ.டி. என்னும் டெஸ்க்டாப்போடு வரும் லுபுண்டுவும் நல்லதே. அதற்கும் வசதியில்லாத மிகப் பழைய யந்திரங்களுக்கு ஆன்டிஎக்ஸ், பப்பி லினக்ஸ் என்னும் மெல்லிய வழங்கல்கள் உள்ளன. நம் நாட்டின் சி-டாக் நிறுவனம் 2007-இல் வெளியிட்ட பாஸ் லினக்ஸும் லினக்ஸ் குடும்பத்தைச் சேர்ந்ததே. புதிதாக இத்துறையில் கால்வைப்பவர்க்கு லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்.எஃப்.சி.இ. பதிப்பே உத்தமம் என்பது என் அபிப்பிராயம். தங்கை மகளின் யந்திரத்துக்கும் அதையே தேர்ந்தேன்.

நிறுவும் முறை, அஞ்சுவோர் அஞ்சும் அளவுக்குக் கடினமானதன்று. முதற்காரியமாக, யந்திரத்திலுள்ள புகைப்படங்கள், கடிதங்கள், பாடக்குறிப்புகள் அனைத்தையும் வேறொரு டிஸ்கில் நகலெடுத்து, அந்த நகல் திறக்கிறதா என்பதையும் பார்த்துவிட வேண்டும். இதைச் செய்யாமல் அடுத்த படியில் கால் வைக்கலாகாது. பிறகு, லினக்ஸ் மின்ட்டின் அதிகாரபூர்வமான தளத்திலிருந்து கோப்பை இறக்கி, ரூஃபஸ் அல்லது எட்சர் என்னும் மென்பொருளால் அதை 8 ஜி.பி. பென் டிரைவ் ஒன்றில் ஏற்றி, யந்திரத்தைத் தொடங்கும்போது அதற்குரிய விசையை அழுத்தி, பென் டிரைவிலிருந்தே இயக்க வேண்டும். ஹார்ட் டிஸ்கில் ஓர் எழுத்தும் மாறாமல், இயங்குதளம் முழுவதும் அந்தப் பென் டிரைவிலிருந்தே ஓடும். வைஃபை இணைகிறதா, ஒலி கேட்கிறதா, திரையின் வெளிச்சம் கூட்டக் குறைக்க வசப்படுகிறதா, மூடியைச் சாத்தினால் உறங்கி, திறந்தால் எழுகிறதா என்ற நான்கு பரிசோதனைகளையும் அந்நிலையிலேயே செய்து பார்த்துவிடலாம். எல்லாம் திருப்தியாயிருந்தால்தான், திரையில் தெரியும் நிறுவும் பொத்தானை அழுத்த வேண்டும். பெண் பார்த்துப் பேசி முடித்த பிறகு நிச்சயதார்த்தம் செய்யும் விவேகம் இதிலும் பொருந்தும்.

நிறுவி முடித்ததும் நான் முதலில் பார்த்தது பேட்டரியின் ஜாதகத்தை. பவர் மேனேஜர் என்னும் பகுதியைத் திறந்தால், பேட்டரி பிறந்தபோது கொள்ளத்தக்கதாயிருந்த அளவும், இன்று முழுச் சார்ஜில் கொள்ளும் அளவும் அடுத்தடுத்த வரிகளில் இருக்கும். அந்த யந்திரத்தில் 48 இருந்த இடத்தில் ஏறக்குறைய 24 நின்றது. அடுத்து, சார்ஜரைக் கழற்றிவிட்டு, டெர்மினலில் பவர்டாப்பை இயக்கினேன். கறுப்புத் திரையின் மேற்பகுதியில், பேட்டரியிலிருந்து இந்நேரம் எத்தனை வாட் வெளியேறுகிறது என்ற ஒரு வரி. அதன் கீழே, புராசசரை எழுப்புகிறவர்களின் பெயர்கள் வரிசையாக, முதற்குற்றவாளி முதலிடத்தில். அன்று முதலிடத்தில் நின்றது உலாவி. காரணம் தேடியபோது, பின்னால் திறந்து கிடந்த ஒரு செய்திப் பக்கத்தில் ஓயாமல் அசைந்துகொண்டிருந்த விளம்பரம் ஒன்று, பார்ப்பாரில்லாமலே, விநாடிக்கு நூற்றுக்கணக்கான தடவை புராசசரை எழுப்பிக்கொண்டிருந்தது தெரிந்தது. அந்தப் பக்கத்தை மூடினேன். சில விநாடிகளில் மேலேயிருந்த வாட் கணக்கு இறங்கத் தொடங்கியது. செலவு எங்கே போகிறதென்று கண்ணால் கண்ட பிறகு, சிக்கனத்தை ஒருவர் உபதேசிக்க வேண்டிய அவசியமே இல்லை.

அதற்குப் பின் செய்தது டி.எல்.பி. என்னும் மென்பொருளை நிறுவியது. சார்ஜர் மாட்டியிருக்கும்போது ஒரு விதமாகவும், பேட்டரியில் ஓடும்போது வேறு விதமாகவும், புராசசர், டிஸ்க், வைஃபை, யு.எஸ்.பி. முதலிய அங்கங்களைத் தானே மாற்றி நடத்தும் இந்த நிர்வாகி, நிறுவியவுடனேயே தக்க அமைப்போடு வேலையைத் தொடங்கிவிடும். சாதாரண உபயோகத்துக்கு அதில் ஒன்றையும் மாற்ற வேண்டியதில்லை. ஒரே ஓர் எச்சரிக்கை: பவர் புரொஃபைல்ஸ் டெமன் என்று இதே வேலையைச் செய்யும் வேறொரு நிர்வாகி முன்னமே இயங்கிக்கொண்டிருந்தால், இரண்டையும் ஒருங்கே வைத்துக்கொள்ளலாகாது, ஒன்று சொல்வதை மற்றது மறுக்கும். யு.எஸ்.பி. மவுஸ் சற்று நேரம் தொடாவிட்டால் அசைய மறுக்குமானால், அதை உறங்கவிடும் ஏற்பாட்டை மட்டும் விலக்கிவிட வேண்டும்.

மற்றவை நம் பழக்கத்தைச் சேர்ந்தவை. பலனில் இவை சற்றும் இளைத்தவையல்ல. திரையின் வெளிச்சத்தைக் கண்ணுக்குப் போதுமான அளவில் நிறுத்துவது, உபயோகமில்லாத ப்ளூடூத்தை அணைத்து வைப்பது, யந்திரம் தொடங்கும்போதே தாமும் உடன் எழும் நிரல்களின் பட்டியலைத் திறந்து வேண்டாதவற்றை நீக்குவது, உலாவியில் படித்து முடித்த பக்கங்களை மூடுவது ஆகிய நான்கும் அன்றாட ஒழுக்கங்களாக வேண்டும். காணொளிகளை மென்பொருளின் வழியே விரித்துக் காட்டும்போது புராசசர் வியர்க்கும். அந்த வேலையைக் கிராபிக்ஸ் சில்லினிடம் ஒப்படைக்கும் ஏற்பாடு செயற்பட்டால் செலவு வெகுவாகக் குறையும். சிறிது பணம் செலவிடக் கூடியவர்கள், சுழலும் ஹார்ட் டிஸ்கை நீக்கி எஸ்.எஸ்.டி. ஒன்றைப் பொருத்திக்கொள்வார்களானால், பத்தாண்டுப் பழைய யந்திரம் புத்துயிர் பெற்று எழுவதைக் காண்பார்கள்.

இனி, மூப்பைத் தணிக்கும் வழி. லித்தியம் அயனி மின்கலத்துக்கு இரண்டு பகைகள்: உஷ்ணம் ஒன்று, எந்நேரமும் நூற்றுக்கு நூறு நிரம்பி நிற்பது மற்றொன்று. சார்ஜரிலேயே மாட்டி வைத்து வேலை செய்யும் யந்திரத்தில் இரண்டும் சேர்ந்துகொள்கின்றன. திங்க்பேட் வகையிலும் வேறு சில வகைகளிலும், 75 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கினால் சார்ஜ் ஏறத் தொடங்கி, 80-ஐ எட்டியதும் நின்றுவிடும்படி டி.எல்.பி. வழியாகவே வரம்பு கட்டலாம். அந்த வசதியில்லாத யந்திரத்தில், நிரம்பியதும் நாமே சார்ஜரைக் கழற்றிவிடுவது நலம். மெத்தையின் மேல் வைத்துக் காற்றோட்டத்தை அடைக்காதிருப்பதும் நலம். பேட்டரி உப்பியிருப்பது தெரிந்தால் மட்டும், சிக்கனம், சீர்திருத்தம் என்ற பேச்சுக்கே இடமில்லை. அக்கணமே உபயோகத்தை நிறுத்தி, குத்தாமல், நசுக்காமல், பழுதுபார்ப்பவரிடம் கொடுத்து மாற்றிவிட வேண்டும். அது தீப்பிடிக்கக் கூடியது.

இவ்வளவு சொன்ன பிறகு, ஓர் உண்மையை மறைப்பது தர்மமாகாது. லினக்ஸ் நிறுவிய மாத்திரத்தில் எல்லா யந்திரங்களிலும் பேட்டரி நீடிக்கும் என்று சொல்வதற்கில்லை. சில யந்திரங்களில், குறிப்பாகத் தனிக் கிராபிக்ஸ் சில்லு பொருத்தியவற்றில், தக்க டிரைவர் அமையாவிட்டால் செலவு கூடினும் கூடும். ஆகவே, மாற்றுவதற்கு முன் ஒரு நாளும் மாற்றிய பின் ஒரு வாரமும், முழுச் சார்ஜிலிருந்து எத்தனை மணி நேரம் ஓடுகிறதென்று ஒரு தாளில் குறித்து வைத்து ஒப்பிட்டுப் பார்ப்பதே நியாயமான பரிசோதனை. தங்கை மகளின் யந்திரத்திலும், கிடைத்த லாபம் முழுவதையும் இயங்குதளத்தின் கணக்கிலேயே எழுதிவிட மாட்டேன். வெளிச்சத்தைக் குறைத்ததற்கும் உலாவியை ஒழுங்குபடுத்தியதற்கும் அதில் கணிசமான பங்கு உண்டு.

இந்த மாற்றத்துக்கு இக்காலத்தில் வேறொரு அவசியமும் நேர்ந்திருக்கிறது. விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கு வழக்கமாக வழங்கப்பட்டுவந்த ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு முடிந்துவிட்டது. அதற்கு அடுத்ததாகிய விண்டோஸ் 11, டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்பு ஏற்பாட்டையும் குறிப்பிட்ட தலைமுறைக்குப் பிந்திய புராசசரையும் கேட்பதால், நல்ல நிலையில் ஓடிக்கொண்டிருக்கும் பழைய மடிக்கணினிகள் எத்தனையோ அதற்குத் தகுதியற்றவையாகிவிட்டன. தமிழ்நாட்டில் 2011 முதல் அரசு வழங்கிவந்த விலையில்லா மடிக்கணினிகளால் மட்டுமே இலட்சக்கணக்கான மாணவர் இல்லங்களில் இத்தகைய யந்திரங்கள் புகுந்திருக்கின்றன. அவற்றுள் பரண்மேல் தூங்குவன எத்தனை, பழைய சாமான் கடையில் எடைக்குப் போனவை எத்தனை என்று எண்ணும்போது மனம் வருந்துகிறது. ஒரு யந்திரத்தைச் செய்வதற்காகப் பூமியிலிருந்து தோண்டிய உலோகங்களும் செலவிட்ட உழைப்பும், அது முழு ஆயுளும் உழைத்தால்தான் பிரயோஜனப்படும். வழிகாட்டத் துணை வேண்டுவோர்க்கு, 2012 முதல் கட்டற்ற மென்பொருளைப் பற்றித் தமிழிலேயே எழுதிவரும் கணியம் மின்னிதழ் இருக்கிறது. சென்னையில் லினக்ஸ் உபயோகிப்போர் குழு இருக்கிறது. தமிழ்99 விசைப்பலகை முறையில் தட்டச்சு செய்யும் வசதியும் லினக்ஸில் இலவசமாகக் கிடைக்கிறது.

அடுத்த மாதத்துப் பராமரிப்பு நாள் வந்தது. அதே ஜன்னலோரத்தில், அதே யந்திரத்தோடு, அதே பேட்டரியோடு அவள் அமர்ந்தாள். 9 மணிக்கு மின்சாரம் நின்றது; கட்டுரையின் கடைசிப் பகுதியை அவள் எழுதி முடித்து மூடியபோது பன்னிரண்டு மணியாக ஐந்து நிமிஷம் இருந்தது. வாசக நேயர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்றே: உங்கள் வீட்டுப் பழைய மடிக்கணினியை எடைக்குப் போடுவதற்கு முன், ஒரு பென் டிரைவையும் ஒரு மாலைப் பொழுதையும் அதற்குக் கொடுத்துப் பாருங்கள்.